கொலாஜன் பொடியும் குடல் புராணமும்

முதலில் முகச் சுருக்கத்துக்கு என்றார்கள். பிறகு முழங்கால் வலிக்கு என்றார்கள். இப்போது அதே டப்பா, அதே வெள்ளைப் பொடி, வயிற்றுக்கு என்று வந்து நிற்கிறது. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் ஒரு கரண்டி கலந்து குடித்தால் குடல் சுவரில் விழுந்த ஓட்டைகள் அடைபடுமாம். உப்புசம் போகுமாம், மலச்சிக்கல் தீருமாம். எல்லா நோய்க்கும் மூலம் குடல்தான் என்பதால் தலைமுடி கொட்டுவதும் நிற்குமாம். ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார், யூடியூப் வைத்தியர் சொல்கிறார், படித்த டயட்டீஷியன்களிலும் சிலர் சொல்கிறார்கள். கால் கிலோ டப்பா ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் போகிறது.

கொலாஜன் நஞ்சு என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலோருக்கு அது கெடுதல் செய்யாது; விலை கூடிய, தரம் குறைந்த புரதம், அவ்வளவுதான். சருமத்துக்கும் மூட்டுக்கும் அது என்ன செய்கிறது என்பது தனி வழக்கு. குடலைச் செப்பனிடும் மருந்து என்று அதை விற்பதைத்தான் இங்கே மறுக்கிறேன். அந்தக் கூற்று உடற்கூற்றிலும் நிற்கவில்லை, செரிமானத்திலும் நிற்கவில்லை, சோதனைகளிலும் நிற்கவில்லை.

"குடல் சுவரில் இருப்பது கொலாஜன்தானே, அதைச் சாப்பிட்டால் சுவர் பலப்படாதா?" என்பதுதான் மொத்த வாதத்துக்கும் அஸ்திவாரம். கேள்வியின் முதல் பாதி உண்மை. குடல் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். உட்படலத்துக்கு அடியில் உள்ள ஓர் அடுக்கில் பெரும்பகுதி கொலாஜன் நார்தான். குடலைத் தைக்கும் அறுவை மருத்துவருக்கு அதன் அருமை தெரியும். ஊசி நூலுக்குப் பிடிமானம் கிடைப்பது அந்த அடுக்கில். நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து 1887இல் இதை எழுதிவைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 'கேட்கட்' என்ற பழைய தையல் நூலும் ஆடுமாடுகளின் குடல் கொலாஜனிலிருந்து செய்ததுதான். அதன் சிறப்பே, தைத்த பிறகு பிரிக்க வேண்டியதில்லை என்பது. உடம்பின் நொதிகள் சில வாரங்களில் அதை அரித்துக் கரைத்துவிடும். வேறொரு பிராணியின் குடல் கொலாஜனைக் கொண்டுபோய், செரிமானத்தின் வழியாகக்கூட அனுப்பாமல், நேராகக் குடலில் வைத்துத் தைத்தாலும் உடம்பு அதைத் தன் சுவரோடு சேர்த்துக்கொள்வதில்லை. தின்று தீர்த்துவிடுகிறது. இதற்குப் பிறகும் கரண்டியால் குடித்த கொலாஜன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப நிறைய பக்தி வேண்டும்.

விலாசமும் தப்பு. நாம் சாப்பிட்டது குடலுக்குள் தொடும் பரப்பு கொலாஜன் அல்ல. அங்கே இருப்பது ஒற்றை வரிசையாக நெருக்கியடித்து நிற்கும் செல்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களைச் சேர்த்துப் பூட்டி வைப்பவை கிளாடின், ஆக்லூடின் என்ற வேறு புரதங்கள். குடல் கசிகிறது என்று மருத்துவ ஆய்வுகள் பேசும்போது பெரும்பாலும் இந்தப் பூட்டுகள் தளர்வதைத்தான் பேசுகின்றன. கொலாஜன் அடுக்கு அதற்குக் கீழே. இந்தச் செல் வரிசை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. உடம்பிலேயே இவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு அரிது. யாரும் பொடி வாங்கித் தராத காலத்திலும் அது அப்படித்தான் நடந்தது.

விளம்பரங்கள் தொடாத பக்கம் ஒன்று உண்டு. குடலில் கொலாஜன் கூடுவது நல்லதே அல்ல. கிரோன் நோய் முற்றியவர்களுக்குக் குடல் சில இடங்களில் சுருங்கி, உணவு போக வழியில்லாமல் அடைத்துக்கொள்கிறது. நாட்பட்ட அழற்சியால் சுவரில் கொலாஜன் அளவுக்கு மீறிப் படிந்து தழும்பு தட்டியதுதான் அங்கே நடப்பது. வெட்டி எடுக்க வேண்டிய நிலைகூட வரும். 1976இல் ஸ்வீடனின் லிண்ட்ஸ்ட்ரோம் விவரித்த இன்னொரு நோய் இருக்கிறது. பெருங்குடலின் உட்படலத்துக்கு அடியில் கொலாஜன் பட்டை தடித்துப்போய், நாள் முழுக்கத் தண்ணீராக வயிறு போகும். கொலாஜன் பெருங்குடல் அழற்சி என்றே அதற்குப் பெயர். பொடி குடிப்பதால் இந்த நோய்கள் வரும் என்று நான் சொல்லவில்லை, வருவதாக எந்தச் சான்றும் இல்லை. குடித்தால் குடலில் கொலாஜன் ஏறும், ஏறினால் நல்லது என்ற கணக்கைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கு மெய்யாக இருந்தால் டப்பாவின் மேல் மண்டை ஓட்டுப் படம் போட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தவறாமல் எடுத்து நீட்டும் சீட்டு, 2003இல் கிரேக்கத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. குடல் அழற்சி நோய் உள்ள சுமார் 170 பேரின் ரத்தத்தில் ஒருவகைக் கொலாஜன் குறைவாக இருந்தது என்றது அது. ரத்தத்தில் அளந்தார்கள், நோயாளிகளிடம் அளந்தார்கள். யாருக்கும் கொலாஜன் கொடுத்துப் பார்க்கவில்லை. நோய் இருந்ததால் அளவு மாறியதா, அளவு மாறியதால் நோயா என்பதும் அதிலிருந்து தெரியாது. அதிலிருந்து "ஆகவே தினம் ஒரு கரண்டி" என்று முடிப்பதற்குள் எத்தனை படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது!

இனி பொடியைப் பார்ப்போம். கொலாஜன் எப்படி இருக்கும் என்று உலகுக்கு முதலில் தெளிவாகச் சொன்னது சென்னை. 1952இல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. தோல் என்றால் கொலாஜன்தான். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்-ரே பாய்ச்சி எடுத்த படங்களை வைத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. தசைநாணுக்கு இழுவிசை தாங்கும் வலு வருவது அந்த முறுக்கிலிருந்துதான்.

டப்பாவில் அந்த முறுக்கு கிடையாது. மாட்டுத்தோல், எலும்பு, பன்றித்தோல், மீன் செதில் என்று எதிலிருந்து எடுத்தாலும் சூடுபடுத்தும்போதே கயிறு பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது. பிறகு நொதிகளை விட்டு அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்ததுதான் நாம் வாங்கும் பொடி. வீட்டிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கால் சூப்பை வடிகட்டி இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஆடை, அதை விலக்கினால் அடியில் சூப் மொத்தமும் ஜெல்லியாக உறைந்து, கிண்ணத்தைத் தட்டினால் ஆடும். கொலாஜன் பொடியை வெந்நீரில் கலக்கி அதே ஃபிரிட்ஜில் அதே இரவு வையுங்கள். விடிந்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அளவுக்குக்கூட நீளம் இல்லாத துண்டுகள் அவை. இதைக் குறை என்று சொல்லவில்லை. காபியில் கட்டி தட்டாமல் கரைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கரண்டியில் நாம் அள்ளுவது, குடல் சுவரைத் தாங்கும் நார் அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துண்டுகளும் அப்படியே போவதில்லை. இரைப்பையின் அமிலமும் பெப்சினும், பிறகு கணையத்திலிருந்து வரும் டிரிப்சினும் சகாக்களும் அவற்றை மேலும் வெட்டுகின்றன. குடல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்வது தனி அமினோ அமிலங்களையும் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த பொடித் துண்டுகளையும்தான். பருப்பிலிருந்து வந்த கிளைசினா, மத்தி மீனிலிருந்து வந்ததா, ஆயிரத்தைந்நூறு ரூபாய் டப்பாவிலிருந்து வந்ததா என்று உடம்பு கேட்பதில்லை. பழைய பட்டுச் சேலையைப் பிரித்து இழையாக்கிக் காஞ்சிபுரத்துத் தறிக்காரரிடம் கொடுத்தால், அவர் கையில் இருக்கும் ஆர்டர் எதுவோ அதைத்தான் நெய்வார். கொடுத்தது மயில் கழுத்து நிறப் புடவை என்பதற்காக அதையே திரும்ப நெய்து தர மாட்டார். உடம்பின் ஆர்டரை முடிவு செய்வது அதன் தேவை, நாம் எதைத் தின்றோம் என்பது அல்ல.

"எல்லாமே அமினோ அமிலமாகிவிடுகிறது, ஆகவே கொலாஜனும் ஒன்றுதான் கடலையும் ஒன்றுதான்" என்று கொலாஜனை மறுக்கும் சிலர் இங்கேயே கடையை மூடிவிடுகிறார்கள். அது முழு நேர்மை ஆகாது. கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற வினோதமான அமினோ அமிலம் இருக்கிறது. மற்ற உணவுப் புரதங்களில் அது பெரும்பாலும் கிடையாது. புரோலினும் அதுவும் ஒட்டிய இரட்டைத் துண்டு செரிமானத்துக்குத் தப்பி ரத்தம் வரை வந்து சேர்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் மனித ரத்தத்தில் அதைக் கண்டு காட்டினார்கள். சோதனைத் தட்டில் வளரும் செல்கள்மேல் இந்தத் துண்டுகளை விட்டால் சில விளைவுகள் தெரிகின்றன. அழற்சியூட்டிய குடல் செல்களைத் தட்டில் வளர்த்து, கொலாஜன் துண்டுகளை விட்டபோது செல்களின் பூட்டுகள் கொஞ்சம் இறுகின என்று சொல்லும் ஆய்வும் உண்டு. எதிர்த்தரப்பின் பலமான வாதம் இதுதான், இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தட்டில் அமிலம் இல்லை, பித்தம் இல்லை, சளிப்படலம் இல்லை, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இல்லை, மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சாதமும் இல்லை. அதில் வளர்ப்பது பெரும்பாலும் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்துப் பல்லாண்டுகளாக ஆய்வகங்களில் பெருக்கிவரும் செல் வகை. தட்டில் வேலை செய்த பொருட்களில் மனிதரிடம் ஒன்றும் செய்யாமல் போனவை எண்ணிக்கையற்றவை. தட்டு கேள்வி எழுப்பலாம். பதில் மனித வயிற்றில்தான் கிடைக்க வேண்டும்.

மனித வயிற்றில் என்ன கிடைத்திருக்கிறது? 2022இல் வெளியான ஓர் ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆரோக்கியமான பெண்கள், தினம் 20 கிராம் கொலாஜன், எட்டு வாரம். சேர்ந்தவர்கள் 40 பேர். முடிவு வரை நின்றவர்கள் 14 பேர். அந்த 14 பேரில் 93 சதவீதத்தினருக்கு உப்புசம் முதலிய தொல்லை குறைந்ததாம், அதாவது 13 பேர். விளம்பரத்தில் 93 சதவீதம் வருகிறது. 40இல் 26 பேர் பாதியில் காணாமல் போனது வருவதில்லை. போனவர்கள் ஏன் போனார்கள்? பலன் இல்லாததால் விட்டார்களா, வயிறு மந்தமானதால் விட்டார்களா? எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. வேறு ஏதோ பொடியை இதே டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

அதைக் கேட்காமல் வயிற்று விஷயத்தில் எதையும் சொல்ல முடியாது. உப்புசம், வலி, மாறி மாறி வரும் மலச்சிக்கலும் பேதியும் என்று அலைக்கழிக்கும் ஐ.பி.எஸ். தொல்லை கூடும், குறையும். தாங்க முடியாமல் கூடிய வாரத்தில்தான் ஆள் மருந்து தேடுவார், அதற்கடுத்து அது தானாகவே கொஞ்சம் இறங்கும். நம்பிக்கைக்கும் வயிறு மிக விரைவில் மசியும். ஹார்வர்டின் டெட் காப்சுக் 2010இல் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். 80 ஐ.பி.எஸ். நோயாளிகளில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார். அதுவும் "இதில் மருந்தே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு. மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதத்தினர் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 35 சதவீதம். வெற்று மாத்திரை, வெற்று என்று தெரிந்தே விழுங்கியது, இத்தனை செய்கிறது என்றால், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து, தினமும் சடங்குபோல் வெந்நீரில் கலக்கி, கூடவே "இனிமேல் ஒழுங்காக இருக்க வேண்டும்" என்று ராத்திரி பரோட்டாவையும் குறைத்துக்கொண்டு குடிக்கும் பொடி என்ன செய்யாது?

ஆகவே "எனக்குக் கேட்டது சார்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. அவருக்குக் கேட்டிருக்கும். எது கேட்டது என்பதுதான் கேள்வி. 'குடல் நலத்துக்கு' என்று தனியாகப் பெயர் போட்டு வரும் டப்பாக்களின் பின்புறத்தைத் திருப்பிப் படித்தால் வேடிக்கை இன்னும் கூடும். கொலாஜனோடு இனுலின் என்ற நார்ச்சத்தும், லாக்டோபாசில்லஸ் வகை பாக்டீரியாவும், சிலவற்றில் செரிமான நொதிகளும் கலந்திருக்கும். மலம் இளகியது என்றால் நார்ச்சத்துக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டியிருக்க, பாராட்டு மொத்தமும் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதற்குப் போகிறது.

குளுட்டமின் கதையும் இப்படித்தான். குடல் செல்களுக்குக் குளுட்டமின் முக்கிய எரிபொருள், உண்மை. 2019இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் வந்த சோதனையில், தொற்றுப் பேதிக்குப் பிறகு ஐ.பி.எஸ். வந்து, குடல் கசிவு கூடியிருப்பதும் அளந்து உறுதியான நோயாளிகளுக்குத் தினம் 15 கிராம் குளுட்டமின் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது, அதுவும் உண்மை. இதைக் காட்டி "கொலாஜனில் குளுட்டமின் இருக்கிறது" என்கிறார்கள். பத்து கிராம் கொலாஜனில் குளுட்டமினையும் அதன் உறவான குளுட்டாமிக் அமிலத்தையும் சேர்த்து எடைபோட்டாலும் ஏறக்குறைய ஒரு கிராம்தான் தேறும். அந்தச் சோதனையின் அளவை எட்ட ஏறக்குறைய ஒரு மாதம் வரவேண்டிய டப்பாவை இரண்டே நாளில் காலி செய்ய வேண்டும். சோதனை செய்தது ஒரு பொருளை, ஒரு வகை நோயாளிகளிடம். விற்பது வேறொரு பொருளை, வேறு எல்லோரிடமும்.

யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்று கேட்பது நாகரிகமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். குடலுக்குக் கேட்கும் அளவுக்கே ஆய்வுகள் இல்லை. சருமத்துக்கு நிறைய இருக்கின்றன. அங்கே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2025இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 23 சோதனைகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. கம்பெனிகளின் பணம் படாத சோதனைகளை மட்டும் பிரித்து வைத்தபோது ஈரப்பதத்திலும் சரி, நெகிழ்விலும் சரி, சுருக்கத்திலும் சரி, பலன் மறைந்துவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மூட்டு பற்றிய கூற்றை 2011இலும், சரும நெகிழ்வு பற்றிய கூற்றை 2013இலும் சான்று போதாது என்று தள்ளியது. பல பத்தாண்டு ஆய்வு நடந்த துறைகளிலேயே கதை இப்படி என்றால், 14 பெண்களை நம்பி நிற்கும் குடலுக்கு என்ன சொல்வது?

அடுத்து வரும் வாதம் உணர்ச்சிகரமானது. "நம் பாட்டிகள் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்களே, அவர்களுக்குத் தெரியாததா?" நானும் ஆட்டுக்கால் சூப் ரசிகன். சாயங்காலம் தள்ளுவண்டியில் மிளகும் சீரகமும் தூக்கலாகக் கொதிக்கும் பாத்திரத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்குச் சூடும் உப்பும் நீரும் தெம்பு தருவதில் சந்தேகமில்லை. அதை ருசிக்காகக் குடிக்கலாம். அது குடலுக்கு மருந்து என்பதற்கு அதன் வயது சான்றாகாது. எலும்புக் கஷாயத்தை உணவாக நம்பிய நாடுகள் அந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸ் நகரில், கழித்துப்போட்ட எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் சூப்பாகக் கொடுத்தால் இறைச்சிச் செலவு மிச்சம் என்று டார்சே என்ற வேதியியலாளர் பெரும் இயக்கமே நடத்தினார். புகார்கள் கிளம்ப, அறிவியல் அகாதெமி ஒரு குழு அமைத்தது. பிரான்சுவா மஜாந்தி தலைமையில் நாய்களுக்கு ஜெலட்டினை உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் மெலிந்தன, செத்தன. 1841இல் வந்த அறிக்கை ஜெலட்டின் கனவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது. புரதத் தரத்தை மதிப்பிடும் அளவுகோலில் கொலாஜனுக்குக் கிடைப்பது பூஜ்யம். குடலின் செல் வரிசை சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பதைச் சொன்னேன். அந்த வேலைக்கு எல்லா அமினோ அமிலங்களும் வேண்டும். அதற்கு முட்டையோ, பருப்பும் சோறும் சேர்ந்த சாப்பாடோ, கொலாஜனைவிடப் பல மடங்கு மேல்.

பாரிஸ் நாய்களின் பாடத்தை அமெரிக்கா மறந்தது. 1976இல் ராபர்ட் லின் என்பவர் எழுதிய உடல் இளைப்புப் புத்தகத்தால் 'திரவப் புரதம்' பிரபலமானது. தோலிலும் தசைநாணிலும் இருந்து எடுத்த கொலாஜனை நொதியால் கரைத்து, சுவையூட்டி, வேறெதுவும் உண்ணாமல் அதையே குடிக்கச் சொன்னார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோனது. பட்டினியும் தாது உப்புக் குறைவும் அதில் பெரும் பங்கு வகித்தன. இன்று ஒரு கரண்டி குடிப்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் காலை உணவை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கும் இளம்பெண்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு அந்த வரலாறுதான் நினைவுக்கு வருகிறது.

கொலாஜனைத் தின்பதும் கொலாஜனைச் செய்வதும் வேறு என்பதற்குக் கப்பல்காரர்களைவிட நல்ல சாட்சி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமிகளின் சாப்பாட்டில் உப்பிட்ட மாட்டிறைச்சி தாராளம். சவ்வும் நாருமான இறைச்சி, அதாவது கொலாஜன் நிறைந்தது. அவர்களைத்தான் ஸ்கர்வி நோய் அள்ளிக்கொண்டு போனது. ஈறு கரைந்தது. 1740இல் கடற்படைத் தளபதி ஆன்சனின் தலைமையில் புறப்பட்ட கப்பல்களில் ஒருவருக்கு, 1690இல் பாய்ன் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்துகொண்டது. வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் கொலாஜன் இழைகளை உறுதியாக முறுக்க முடியாது. அவர்களுக்குக் குறைந்தது எலுமிச்சையும் ஆரஞ்சும். 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் கப்பலிலேயே சோதித்துக் காட்டியதும் அதைத்தான். நமக்கோ கொய்யாவும் நெல்லிக்காயும் தெருமுனையில் கிடைக்கின்றன.

சைவக்காரர்களுக்கென்று 'தாவரக் கொலாஜன்' என ஒன்று வருகிறது. தாவரங்களில் கொலாஜன் கிடையாது. டப்பாவைத் திருப்பினால் நெல்லிக்காய்ப் பொடியும் மூங்கில் சாறும் இருக்கும். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

தீங்கு என்று பேசினால் சிறுநீரகக் கல் உள்ளவர்களை முதலில் சொல்ல வேண்டும். ஹைட்ராக்ஸிபுரோலினின் ஒரு பகுதியை உடம்பு ஆக்சலேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. ஜெலட்டின் சாப்பிட்டவர்களிடம் அது கூடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் போதாமல் கல்லோடு திரியும் ஊரில் இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை. சுவையூட்டிய சில பொடிகளிலும் கம்மிகளிலும் கலக்கும் சார்பிட்டால் வகை இனிப்புகள் பலருக்கு வயிற்றை ஊதவைக்கும். உப்புசத்துக்கு வாங்கியதே உப்புசம் தரும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய தீங்கு, போகும் காலம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு மலத்தில் ரத்தம் போகிறது, எடை குறைகிறது, ரத்தசோகை தட்டுகிறது. அவர் 'லீக்கி கட்', அதாவது குடல் கசிவு, என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மூன்று மாதம் பொடி குடிக்கிறார். அது குடல் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல, கிரோன் நோயோடு குழப்பிக்கொள்ளவும் எளிது. பெருங்குடல் புற்றாக இருக்கலாம். நெஞ்செரிச்சலோடு வருபவருக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்றாக இருக்கலாம்; இரைப்பைப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்று கண்ட பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பெற்றார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும் விஷயம். பால் குடித்தால் வயிறு பொருமுபவருக்கு லாக்டோஸ் செரியாமை இருக்கலாம். பாலை நிறுத்திப் பார்க்க ஒரு காசு செலவில்லை. முழங்கால் வலிக்குக் கொலாஜனும் குடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். குடல் படலத்தை நிஜமாகவே புண்ணாக்கும் பொருள் அந்த மாத்திரை. ஒரு கையால் அரித்துக்கொண்டே மறு கையால் பூசுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடலுக்கு நல்லது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது, சுவாரசியமில்லாதது. பெருங்குடல் செல்கள் பெரும்பகுதி சக்தியைப் பெறுவது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து. அதைச் செய்து தருபவை நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்றது. கீரை, அவரை, சுண்டல், தோலோடு கொய்யா. இதைச் சொல்லும்போதே யாராவது "அப்போ பழைய சோறு?" என்பார்கள். பழைய சோறு எனக்குப் பிடிக்கும். அதையும் சர்வரோக நிவாரணியாக்கும் வீடியோக்களை நான் இதே காரணத்துக்காக நம்புவதில்லை. நம்முடையது என்பதற்காகச் சான்றின் கணக்கு மாறாது.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய டப்பாவின் மேலேயே 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள். அதே கம்பெனிகள் சார்பில் ரீல்ஸில் பேசுபவர்கள் குடல் ஓட்டையை அடைக்கிறேன் என்கிறார்கள். அடைப்பது உண்மையானால் நிரூபிக்க வழி இருக்கிறது, ரொம்பக் கஷ்டமும் இல்லை. குடல் கசிவை அளக்க லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கவைத்துச் சிறுநீரைப் பரிசோதிக்கும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. கசிவு இருப்பது உறுதியான இருநூறு பேரைச் சேருங்கள். பாதிப் பேருக்குக் கொலாஜன், மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே சுவையில், அதே எடையில் வேறு பொடி. எது எவருக்குப் போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரிய வேண்டாம், குடிப்பவருக்கும் தெரிய வேண்டாம். மூன்று மாதம் கழித்துச் சிறுநீரை அளந்து, பாதியில் போனவர்களின் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். எதிர் டப்பாவில் வெறும் மாவு போடக்கூடாது, சாதாரணப் பால் புரதம் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.